மஞ்சள் பனியனுக்கு எடுத்த அளவு

தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். எங்கள் வீதிக்கு முதன்முதலில் தார் போட்ட மாதம், மகளுக்கு முன்பல் விழுந்த கிழமை, வீட்டுக்கு ஃபேன் வாங்கிய நாள் என்று எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் டாக்குமென்ட் பார்க்கும் வேலை எனக்கு. கப்பல் கிளம்பும் தேதிக்குள் எல்லாத் தாள்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது.

மகள் பனியன் செய்த விவகாரத்திலும் எனக்கு மாதங்கள் எல்லாம் துல்லியமாக நினைவிருக்கின்றன. 2004 ஐப்பசியில் தொடங்கியது, 2005 சித்திரையில் முடிந்தது. அதற்கிடையில் அவள் என்ன கற்றுக்கொண்டாள், கற்றுக்கொண்டாளா, அப்படியென்றால் யாரிடமிருந்து என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மனைவி ஒரு கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். தைத்து வரும் துணியை மேஜையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, அளவு சரியா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. ஒரே மகள். அப்போது பதினோரு வயது. இங்கேயே பிறந்தவள் ஆதலால் எங்களிடம்கூட ‘ஏனுங்கப்பா’, ‘சரிங்கம்மா’ என்றுதான் பேசுவாள். “இவ யாரு வீட்டுப் பிள்ளையோ” என்று மனைவி கேலி செய்வாள்.

பல்லடம் சாலையில் ஒரு பழைய குடோனை வாடகைக்கு எடுத்து, ஓர் இளம்பெண் சிறிய பள்ளி ஒன்று நடத்திவந்தார். குழந்தைகள் அவரை அக்கா என்றார்கள். பிறகு நாங்களும் அப்படியே அழைத்தோம். அங்கே பரீட்சை கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒரு வேலையைத் தானே தேர்ந்தெடுத்து, மாதக்கணக்கில் அதைச் செய்து, கோடை விடுமுறைக்கு முன் எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டும். வீட்டாரிடம், வீதியில் உள்ளவர்களிடம், யாரிடம் வேண்டுமானாலும் உதவி கேட்கலாம். குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பது பற்றி நான் அப்போது நிறையப் படித்துக்கொண்டிருந்தேன். மகளை அங்கே சேர்த்தது என் யோசனை.

மனைவிக்கு அதில் சம்மதமே இல்லை. நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியை விசாரித்து வைத்திருந்தாள். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள் அவள். மகள் கையில் மார்க்ஷீட் இல்லாமல் நிற்பாளோ என்கிற பயம் அவளுக்குத் தூக்கத்திலும் இருந்தது. அந்த ஐப்பசியில் தோசை வார்த்துக்கொண்டே தீர்மானமாகச் சொன்னாள்:

“இங்க பாருங்க. சித்திரை வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். அதுக்குள்ள அவ கையால, அவளாவே, ஏதாவது ஒண்ணு செஞ்சு காட்டட்டும். இல்லன்னா ஜூன்ல ஹாஸ்டலு. அப்புறம் புத்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு எங்கிட்ட வியாக்கியானம் பேசக் கூடாது.”

நான் ஒத்துக்கொண்டேன். மகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு அந்தப் பள்ளியை விட்டுப் போவதில் துளியும் விருப்பமில்லை. தோசையைப் பிய்த்தபடி, “எனக்கு ஒரு பனியன் செய்யறனுங்க” என்றாள்.

டி-ஷர்ட்டையும் பனியன் என்கிற ஊர் இது; எங்கள் வீட்டில் பனியனுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் ஏற்றுமதியில் கழித்துவிட்டவை. லேபிள் கத்தரிக்கப்பட்டிருக்கும், ஒரு கை சற்று நீண்டிருக்கும், அல்லது முதுகில் ஒரு கண்ணி விட்டுப் போயிருக்கும். எல்லாம் எங்கோ குளிர்தேசத்துப் பிள்ளைகளுக்காக வெட்டிய அளவு. தனக்கென்று அளவெடுத்து ஒன்று வேண்டும், நூலிலிருந்து தொடங்க வேண்டும், மாம்பழ மஞ்சளில் இருக்க வேண்டும் என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. படித்ததெல்லாம் கண்முன்னே நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

முதல் வேலையாக அளவெடுத்தாள். அம்மாவின் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு பீரோக் கண்ணாடி முன் நின்றாள். மனைவி உதவப் போனபோது, “வேண்டாங்கம்மா, நானே எடுத்துக்கறேன்” என்று தோளைத் திருப்பிக்கொண்டாள். சட்டைக்குள் வைத்து வரும் அட்டை ஒன்றில் மார்பு, நீளம், தோள், கை என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாள். எல்லாம் அச்சு அசலாகக் கம்பெனி அளவுச் சார்ட் மாதிரியே இருந்தது.

பிறகு கீழே இறங்கினாள். நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர்கள் பரம்பரை விவசாயக் குடும்பம். மாடு கட்டியிருந்த கொட்டகையில் இப்போது துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள் ஓடின. வீட்டுக்காரம்மாவின் மகன்தான் பார்த்துக்கொண்டார். மகள் அவரிடம், “அண்ணா, ஒரு பனியனுக்குத் துணி ஓட்டோணுங்க. நானே ஓட்டறனுங்க” என்றாள்.

“மெஷின்ல கைய வச்சா வெரலு போயிரும் கண்ணு. நீ அளவ மட்டும் சொல்லு. ஒரு ஆர்டர் லாட்டு முடியறப்ப கடைசீல உனக்குக் கொஞ்சம் ஓட்டி வெச்சுடறேன்.”

இரண்டே நாளில் ஒரு துண்டு வெள்ளைத் துணி மாடிப்படியில் காத்திருந்தது. மகள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, “அப்பா, நிட்டிங் முடிஞ்சுதுங்க” என்றாள். நான் கைதட்டினேன். கைதட்டிய பிறகுதான், யார் முடித்தது என்ற கேள்வி லேசாகத் தலைகாட்டியது.

அப்புறம் தீபாவளி. ஊரே காலியானது. எங்களைப் போல் தெற்கிலிருந்து வந்தவர்கள் எல்லாம் பஸ் பிடித்துப் போய்விட, ஒரு வாரத்துக்கும் மேலாக மெஷின் சத்தமே கேட்கவில்லை. திரும்பி வந்ததும் சாயத்துக்கு அலைந்தோம். வீட்டுக்காரர் மகன் தனக்குத் தெரிந்த சாயப் பட்டறை ஒன்றைச் சொன்னார். ஸ்கூட்டரில் மகளை உட்காரவைத்து அழைத்துப் போனேன். அங்கே இருந்த மேலாளர் துணியைக் கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

“இத்தனூண்டு துணிக்குத் தனியா சாயம் போட முடியாதுங்க. மஞ்ச லாட் எதாச்சும் வந்தா அதோட உள்ள விட்டுடலாம்.”

“எப்பங்க வரும்?” என்றாள் மகள்.

“இப்பப் பூரா கருப்பும் நேவி புளூவுந்தான் கண்ணு. வெளிநாட்டுக்காரனுக்கு வெயில் ஞாபகம் வந்தாத்தான் மஞ்ச கேப்பான்.”

அன்று முதல் அவள் வீட்டுக்காரம்மாவின் போனிலிருந்து சாயப் பட்டறைக்குப் பேச ஆரம்பித்தாள். பள்ளியிலிருந்து வந்ததும் பையை வைத்துவிட்டு நேரே கீழேதான். “அண்ணா, மஞ்ச வந்துருச்சுங்களா? சரி, டேட் சொல்லுங்க. போன வாரமும் இதையேதானுங்க சொன்னீங்க. உங்கள நம்பித்தானுங்க கட்டிங் மாஸ்டர்கிட்ட டேட் குடுத்திருக்கேன்.” என் அலுவலகத்தில் ஆர்டர்களை விரட்டி முடிக்கும் மெர்ச்சண்டைசர் பெண் பேசுகிற அதே தொனி, அதே பொய்க் கோபம். வீட்டுக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். “பாருங்க தம்பி, உங்க புள்ள போன எடுத்தா சாயப் பட்டறையே நடுங்குதுங்க” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

பொங்கல் போனது. தைக் கடைசியில் மஞ்சள் வந்தது. உண்மையிலேயே மாம்பழ மஞ்சள். துணியை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அதற்கப்புறம் வெட்டு. எங்கள் வீதி முனையில் இருந்த கட்டிங் மாஸ்டரிடம் அட்டையை நீட்டினாள். அவர் அதைப் பயபக்தியோடு வாங்கிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். கத்தரிக்கோலை அவள் கையில் தரவில்லை. மாசிக் கடைசியில் தையல். டெய்லர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். “ஓவர்லாக் மெஷின்ல கத்தி இருக்கு பாப்பா, நீ சும்மா உக்காந்து பாரு” என்று ஸ்டூல் போட்டுக் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்தார். நூல் பிசிறு வெட்டும் பெண்கள்கூட, “குடு சாமி, உன் பிஞ்சு வெரலு” என்று வாங்கி வெட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் கவலையோடு கேட்டேன். “இதுல நீ என்ன செஞ்ச?”

“நூலு சொல்லி நிட்டிங்குக்கு விட்டேன். டையிங்குக்கு விட்டேன். கட்டிங்குக்கு விட்டேன். இப்பத் தையலுக்கு விட்டிருக்கேனுங்க.”

இந்த ஊரில் அதுதான் வினைச்சொல். யாரும் எதையும் செய்வதில்லை. எல்லோரும் எல்லாவற்றையும் இன்னொருவரிடம் விடுகிறார்கள். ஜாப் ஒர்க் என்பார்கள். நான் படித்த புத்தகங்களில் குழந்தைகள் மரத்தைச் செதுக்கினார்கள், செடி நட்டார்கள், படகு கட்டினார்கள். எந்தப் புத்தகத்திலும் ஒரு குழந்தை தன் வேலையை ஜாப் ஒர்க்குக்கு விட்டதாக நான் படித்ததில்லை. இதைச் சோம்பல் என்பதா, சாமர்த்தியம் என்பதா, புரியவில்லை. சோம்பல் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும்.

“ஒரு பக்கமாவது நீ ஊசில தையேன்” என்றேன்.

“கையில தச்சா அது பனியன் இல்லீங்கப்பா, கிழிசல்” என்றாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: “நீங்க இத்தன வருசமா பனியன் கம்பெனிலதானே இருக்கீங்க? நீங்க எந்தப் பீஸுங்க தச்சீங்க?”

நான் ஒரு பட்டன்கூடத் தைத்ததில்லை. என் மனைவி தைத்ததில்லை. நிட்டிங் ஓட்டுகிறவருக்குச் சாயம் தெரியாது. சாயம் போடுகிறவர் ஊசியைத் தொட்டதில்லை. இத்தனை பேர் இருக்கிற ஊரில் முதலிலிருந்து கடைசிவரை ஒரு பனியனைத் தானே செய்த ஆள் ஒருவர்கூட எனக்குத் தெரியவில்லை. அப்படியிருக்க ஒரு குழந்தையிடம் அதைக் கேட்பது நியாயமா? ஆனால் மனைவி கேட்டதும் அதைத்தானே?

பள்ளிக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “யார்கிட்ட வேணும்னாலும் கேளுன்னு நாந்தானுங்க சொன்னேன். கேட்டா ஊரே செஞ்சு குடுத்துடும்னு நெனைக்கலீங்க. வேண்டாம்னு சொல்றதா, விட்டுடறதான்னு எனக்கே தெரியலீங்க.”

சித்திரை பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை குடோனில் கூடினோம். நூல் கோன் வரும் அட்டைப்பெட்டியில் ஒரு பிள்ளை கீரை வளர்த்திருந்தது. இன்னொன்று வீதியில் உள்ள நாய்களின் பெயர்களையும் அவை படுக்கும் இடங்களையும் வரைந்து வைத்திருந்தது. மகளின் மேஜையில் அந்த மஞ்சள் பனியன், பக்கத்தில் அளவு அட்டை. அவள் அழைத்தபடி வீட்டுக்காரர் மகனும் கட்டிங் மாஸ்டரும் டெய்லரும் எண்ணெய் வைத்துத் தலைவாரி வந்திருந்தார்கள்.

மனைவி நேராக மேஜைக்குப் போனாள். கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். வேலையில் நிற்பதுபோலவே நின்று, பனியனைத் திருப்பி, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அட்டையில் இருந்ததோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள்.

“செஸ்ட் சரி. நீளம் சரி. கை சரி. ஒரு தையல் விடல, ஒரு கறை இல்ல. கழுத்து யாரு போட்டது? நல்லாருக்கு.”

டெய்லர் கூச்சத்தோடு கையைத் தூக்கினார்.

“இதுல நீ செஞ்சது எதுட்டி?” என்று மகளைக் கேட்டாள்.

மகள் பொய் சொல்லத் தெரியாதவள். நிட்டிங் அண்ணன் ஓட்டியது, சாயப் பட்டறையில் போட்டது, மாஸ்டர் வெட்டியது என்று வரிசையாகச் சொல்லி வந்தாள். சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கியது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஹாஸ்டல் பெட்டி, பூட்டு, வாளி எல்லாம் எனக்குத் தெரிந்தன.

அக்காதான் இடையில் புகுந்தார். “போட்டுக் காட்டு கண்ணு, பாக்கலாம்.”

மகள் திரைச்சீலைக்குப் பின்னால் போனாள். கொஞ்ச நேரமாகியும் வரவில்லை. அப்புறம் வந்தாள். பனியன் மார்பில் இறுகி, கை மேலே ஏறி, கீழே தொப்புள் எட்டிப் பார்த்தது. பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள்.

மனைவிக்கு ஆச்சரியம். மறுபடி டேப்பை எடுத்து, மகள் மேல் இருக்கும் பனியனையே அளந்தாள். “அளவு சரியாத்தானே இருக்கு?” என்றாள் தனக்குத்தானே.

“சார்ட்டுல இருந்து நானு ஒரு நூலு மாத்தலீங்க” என்றார் கட்டிங் மாஸ்டர், யாரும் கேட்காமலே.

“எந்தையல்ல புடிப்பு இல்ல தாயி. அவுக வெட்டினபடியேதான்” என்றார் டெய்லர்.

“எந்துணி சுருங்கலீங்க. சுருக்கமெல்லாம் பாத்துத்தான் குடுத்தேன்” என்றார் வீட்டுக்காரர் மகன். “சாயப் பட்டறைக்காரன் வரலியே, அவனக் கேளுங்க.”

ஆளுக்கொரு பக்கம் பேச, குடோன் சந்தை மாதிரியாகிவிட்டது. ஏற்றுமதியில் அளவு ஒருமுறை முடிவாகிவிட்டால் அதற்குமேல் யாரும் ஆளை நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த அளவில் இம்மியும் பிசகக்கூடாது, அவ்வளவுதான். ஒருவர்கூடப் பிசகவில்லை. அதுவே எங்களுக்குப் புரியவில்லை. எல்லோரும் சரியாகச் செய்த ஒன்று எப்படிச் சேராமல் போனது?

மனைவி டேப்பைப் பனியனிலிருந்து எடுத்து, மகளின் தோளில் வைத்தாள். பிறகு மார்பைச் சுற்றி. பிறகு கையில். அட்டையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

“நீ எப்பட்டி இப்படி வளந்த?”

தேதிகளைக் கணக்கு வைக்கிற எனக்கும் அப்போதுதான் உறைத்தது. தீபாவளி, கருப்பு, நேவி, பொங்கல், மஞ்சள் என்று காலம் ஓடியிருந்தது. பனியன் வளரவில்லை.

“நாந்தானுங்க” என்றாள் மகள் எல்லோரையும் பார்த்து. “அளவு நாந்தான் எடுத்தேன். ஐப்பசில எடுத்தது. மறுபடி எடுக்கணும்னு தோணலீங்க. அண்ணனுக மேல தப்பு இல்லீங்க.”

சத்தம் அடங்கியது. கட்டிங் மாஸ்டர் மட்டும், “கன்பார்ம் ஆன அளவ யாரு கண்ணு திரும்ப எடுப்பாங்க” என்று முணுமுணுத்தார். ஆறுதலா, ஆதங்கமா, தெரியவில்லை.

வீட்டுக்கு வரும்வழியில் மகள் ஸ்கூட்டரில் நடுவில் உட்கார்ந்து என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வந்ததும் படுத்துவிட்டாள். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வாசற்படியில் நின்றேன்.

“ஹாஸ்டலு வேண்டாம்” என்றாள்.

“என்ன?”

“அவ கையால, அவளாவே ஒண்ணு செய்யணும்னுதானே சொன்னேன்? செஞ்சுட்டாளே.”

“எது?”

“அளவு எடுத்தா. என்னையக்கூடத் தொட விடல.”

“அதுதானே தப்பாப் போச்சு?”

“தப்பாப் போனா என்ன? மத்த எல்லாம் ஊரு செஞ்சது, சரியா இருந்துச்சு. தப்பு ஒண்ணுதான் அவளோடது. அதையும் இன்னொருத்தர் தலையில கட்டல.” அரிசித் தண்ணீரைச் சாய்த்தாள். “நல்லாச் செய்யணும்னு நான் சொன்னேனா? செய்யணும்னுதான் சொன்னேன்.”

அவள் விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மகளை அனுப்ப மனம் வராமல் ஒரு சாக்குத் தேடினாளா, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாளா? கேட்டால், “உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் காரணம் வேணும்” என்பாள். என் பக்கம் ஜெயித்துவிட்டது. ஆனால் நான் படித்த காரணங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. சந்தோஷப்படவும் கொஞ்சம் தயக்கமாக இருந்தது.

அந்தப் பனியன் வீட்டுக்காரம்மாவின் பேத்திக்குப் போனது. அவளுக்காகவே செய்ததுபோல் பொருந்தியது. மகள் மாடியிலிருந்து அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமையா, பெருமையா, கேட்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. இந்த வருடம் எனக்கு ஒரு பனியன் செய்யப்போவதாகச் சொன்னாள். கண்ணாடி முன் என்னை நிற்கவைத்துக் கையைத் தூக்கச் சொன்னாள். மூச்சை அடக்கி நின்றேன்.

“மூச்சு விடுங்கப்பா. அடக்கினா அது உங்க அளவு இல்லீங்க.”

விட்டேன். எழுதிக்கொண்டாள். “தீபாவளிக்கு அப்புறம் திரும்பவும் எடுப்பேனுங்க.”

“எனக்கு நாப்பது வயசு ஆச்சும்மா. நான் இனிமே வளர மாட்டேன்.”

“அது நீங்க சொல்றது” என்றாள்.

சொன்னபடியே தீபாவளி முடிந்து ஊரிலிருந்து வந்ததும் டேப்போடு நின்றாள். தோள் அப்படியே இருந்தது. வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. என் அம்மா வீட்டுப் பலகாரம். அட்டையில் பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கீழே துணி ஓட்டி முடிந்திருந்தது. கட்டிங் மாஸ்டர் வெட்ட அளவு கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். பேனாவை வாயில் கடித்தபடி மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“வெட்டி, தச்சு முடிக்கறதுக்குள்ள நீங்க இன்னும் மாறிடுவீங்க. இப்ப எந்த அளவுங்கப்பா குடுக்கறது?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். “அம்மாவக் கேளு” என்றேன். சமையலறையிலிருந்து, “எங்கிட்ட வராத, அது உன் வேல” என்று குரல் வந்தது.